இடது பக்கத்துப் பிணங்கள்

ஜூன் 3, சனி

இது 2017ஆம் வருசத்து டைரி. நகைக்கடையில் கொடுத்தது, எழுதாமல் கிடந்தது. கிழமைகளை ஒத்துப் பார்த்தேன். இந்த வருசத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. மனிதர்கள்தான் ஆறு வருசத்தில் இன்னும் கேவலமாகப் போயிருக்கிறார்கள்.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். ஞாபகத்துக்காக எழுதவில்லை. எனக்கு எதுவும் மறப்பதில்லை. சாட்சிக்காக எழுதுகிறேன். இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ஒரு மாதம் கழித்து, "நீ எப்பம்மா சொன்ன?" என்கிறார்கள்.

முதல் சாட்சி. மே பத்தொன்பதாம் தேதி காலையில், என் மகன் ஜெயக்கொடி மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "அந்தப் பிண மிசின வாங்காத" என்று சொன்னேன். வாங்கிவிட்டான். சென்னையில் இழுத்து மூடிய ஏதோ ஒரு மாலில் இருந்து இன்று லாரியில் வந்து இறங்கியது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற வளாகத்தில் மூன்றாவது மாடியில் இவன் விளையாட்டுக் கடை வைத்திருக்கிறான். கார் ஓட்டுகிற மிசின், கொக்கி போட்டுப் பொம்மையைத் தூக்குகிற மிசின், வளையத்தில் பந்து எறிகிற மிசின். வாசலில் உட்கார்ந்து, ஆட வருகிறவர்களின் பண அட்டையை மிசினில் தேய்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு. இனிமேல் பிணங்களுக்கும் நான்தான் காவல்.

ஜூன் 4, ஞாயிறு

மிசினைச் சுற்றிப் பார்த்தேன். பீரோ உயரம். முன்னால் சிவப்புத் துப்பாக்கி ஒன்று, நீலத் துப்பாக்கி ஒன்று, நாயைக் கட்டியதுபோல் வயரில் கட்டியிருக்கிறார்கள். மேலே இங்கிலீசில் கொட்டை எழுத்து. மருமகள் முத்துச்செல்வி, "செத்தவங்க வார்டுன்னு போட்டிருக்கு அத்தை" என்றாள்.

கதை இதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே செத்தவர்கள் எழுந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிறார்கள். நாம் சுட வேண்டும். கடித்தால் நம் கணக்கில் ஒரு இதயம் போகும். மூன்று இதயம் போனால் முடிந்தது. இதற்கு யாரோ படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

"எந்தப் பக்கம் நடக்கணும்டா?" என்று கேட்டேன்.

"நீ நடக்க வேண்டாம்மா. தண்டவாளத்துல போற மாதிரி அதுவே கூட்டிட்டுப் போகும். சுடுறது மட்டும்தான் உன் வேலை."

ரயிலிலாவது ஜன்னல் உண்டு, இறங்க ஸ்டேசன் உண்டு, ஆபத்துக்கு இழுக்கச் சங்கிலி உண்டு. இதில் ஒன்றும் கிடையாது. இருட்டு அறைக்குள் போகாதே என்று நான் சொல்லச் சொல்ல அது உள்ளேயே போகிறது. திரும்பி வரவும் வராது. புத்தி கெட்டவனின் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இரண்டு நிமிடத்தில் செத்துப்போனேன். ஜெயக்கொடி சிரித்தான். எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 7, புதன்

என்னைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு நான் யாரென்று தெரியாமல் இல்லை. அவன் அப்பாவும் நானும் இருபத்தேழு வருசம் திருவிழா திருவிழாவாகப் பலூன் சுடுகிற கடை போட்டோம். கழுகுமலை, சங்கரன்கோவில், இருக்கன்குடி. பலகையில் பலூன் கட்டுவது நான், துப்பாக்கியில் குண்டு போடுவது நான், "இப்படிச் சுடணும்" என்று கூட்டத்துக்குச் சுட்டுக் காட்டுவதும் நான். இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணால் பார்த்து, மூச்சைப் பிடித்து அமுக்கினால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. என் இடது கண்ணுக்கு வாழ்நாளில் பாதி நேரம் ஓய்வுதான்.

மிசினின் பலவீனத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் புது யோசனையே வராது. கண்ணாடிக் கதவை உடைக்கிற நர்ஸ், கட்டிலுக்கு அடியில் கிடக்கிற தாடிக்காரன், சக்கர நாற்காலியில் உருண்டு வருகிற தடியன், எல்லாம் நேற்று வந்த இடத்தில் நேற்று வந்த நேரத்தில்தான் வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பஸ்ஸுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. நான்கு தரம் ஆடினேன். இப்போது ஒவ்வொரு பிணத்தையும் எனக்குச் சொந்தக்காரனைப்போல் தெரியும். சொந்தக்காரர்களை நான் எப்படி ஞாபகம் வைத்திருப்பேன் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும்.

ஜூன் 11, ஞாயிறு

கடைசி வரை போய்விட்டேன். மாடிப் படியில் நிற்கிற பெரிய பிணத்துக்கு நெஞ்சில் சிவப்பாக ஒரு கட்டி அடித்துக்கொண்டே இருக்கிறது, இங்கே சுடு என்று சொல்வதுபோல. பலத்தை எல்லாம் கொடுத்துவிட்டு, கொல்கிற இடத்துக்கு வர்ணமும் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். மடையர்கள்.

கல்லூரிப் பையன்கள் எட்டுப் பேர் பின்னால் நின்று கைதட்டினார்கள். "பாட்டி, இடது பக்கம் பாக்காமலே சுடுறீங்களே, எப்படி?" என்றான் ஒருவன். அதில் என்ன இருக்கிறது. நர்ஸ் விழுந்ததும் மூன்று எண்ணி இடது ஓரத்தில் ஒரு குண்டு. தாடிக்காரன் விழுந்ததும் ஐந்து எண்ணி இடது ஓரத்தில் இரண்டு குண்டு. அங்கே எதுவும் தெரியாது, ஆனால் சுடாவிட்டால் கடிப்பான். இடது பக்கத்தில் வருகிறவர்களை ஒழுங்காகப் படம் வரையாமல் விட்டிருக்கிறான் இதைச் செய்தவன். பாதியிலேயே கூலி குறைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு இடத்தில் வழி மாறுகிறது என்று பையன்கள் சொன்னார்கள். நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டு டாக்டரைப் பிணம் ஒன்று பிடித்து உலுக்கும். அதைச் சுட்டு அவரைக் காப்பாற்றினால் வேறு தாழ்வாரம் திறக்குமாம். நான் காப்பாற்றுவதில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அவர் சாகிற வரை பார்ப்பேன். வெள்ளைக் கோட்டுக்காரர்களோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

ஜூன் 13, செவ்வாய்

ஜெயக்கொடி என் படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் வைத்துவிட்டான். "பாட்டியை ஜெயிக்க முடியுமா?" படத்தில் வாய் கொஞ்சம் கோணல். கேட்டால், "அதான்மா கெத்து" என்கிறான்.

ஜூன் 15, வியாழன்

முத்துச்செல்வி வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாள். காபி டம்ளரை என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள், தட்டிவிட்டேன். முக்காலியை இடது பக்கம் தள்ளி வைத்தாள், முழங்காலில் வீக்கம். கதவு நிலை இடித்து நெற்றியில் புடைத்திருக்கிறது. நிலையை அவள் மாற்றவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"அத்தை, நான் இங்கனதான் நின்னேன். நீங்க என்னைய இடிச்சுட்டுப் போனீக."

"சத்தம் குடுத்தா என்ன, வாய் தேய்ஞ்சா போயிரும்?"

வீதியில் ஸ்கூட்டர்காரன் ஒருவன் உரசிக்கொண்டு போனான். இடது பக்கம். வண்டி நம்பரின் கடைசி நாலு எண் 4471.

ஜூன் 20, செவ்வாய்

சிவப்புத் துப்பாக்கியில் பிசகு இருக்கிறது என்று முடிவு செய்தேன். எண்ணிச் சுட்டும் இடது ஓரத்தில் மூன்று பேர் தப்பிவிட்டார்கள். எங்கள் தொழிலில் குறி தப்பினால் முதலில் குழலின் நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சின்ன முள் இருக்கும். அதை வைத்துத்தான் குறி பார்ப்பார்கள். அதை ஒரு நூல் அளவு நெளித்தால் போதும், பத்தடி தள்ளி இருக்கிற பலூன் பிழைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் எவ்வளவு நெளிக்க வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும்.

அதாவது, மற்றவர்கள் நெளிப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.

குறடு ஒன்றை எடுத்து முள்ளைப் பிடித்து மெல்ல நெளித்தேன். படக்கென்று உடைந்துவிட்டது.

"யம்மா! அது பிளாஸ்டிக்கும்மா! சும்மா அழகுக்கு வச்சது! குறி பாக்குறது உள்ள இருக்கிற கேமரா!" என்று தலையில் கை வைத்தான் ஜெயக்கொடி.

குறி பார்க்காத குறிமுள்ளை எதற்கு வைத்தான்? கேட்டேன். சென்னை மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அந்த ஆள் சொல்லச் சொல்ல இவன் எதையோ அமுக்கினான். திரையில் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாகக் கூட்டல் குறி வந்தது. அதைச் சுட்டால் துப்பாக்கி நேராகிவிடுமாம். ஜெயக்கொடி நாலையும் சுட்டான், நேராக இருந்தது. பிறகு என்னைச் சுடச் சொன்னான். வலது பக்கம் இரண்டையும் சுட்டேன். அடுத்தது வரவில்லை.

"அடுத்தத விடச் சொல்லு அந்த ஆள."

"வந்துட்டும்மா."

"எங்க?"

"இந்தா, இங்க மின்னுதேம்மா."

தலையைத் திருப்பிப் பார்த்தபோது இருந்தது. இவர்கள் பேசி முடித்த பிறகுதான் வந்திருக்கும். அவன் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 21, புதன்

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு. மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டாம் தேதி பெயர் பதிந்திருக்கிறானாம். கிழித்துப் போட்டேன்.

எங்கள் அம்மா கடைசி ஆறு வருசம் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். அவள் கை போன தடம் சுண்ணாம்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடாக இருந்தது. 1979 ஆவணி மாதம் கண் பரிசோதனை முகாமுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளைக் கோட்டுக்காரன் அம்மாவின் இமையைத் தூக்கி லைட் அடித்தான். "போனது வராதும்மா" என்றான். "அடுத்த ஆள்" என்றான். நாலு சொல். கையில் தங்க நிறக் கடிகாரம், சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. எந்தத் திரையில் வந்தாலும் அவனை நான் காப்பாற்ற மாட்டேன்.

அம்மாவுக்கும் முதலில் இடது பக்கம்தான் டம்ளர் தட்டியது என்று ஜெயக்கொடிக்கு நான்தான் எப்போதோ சொல்லியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூன் 24, சனி

இன்று கடைக்கு வந்தவள் பெயரை எழுதவே கை கூசுகிறது. செண்பகவடிவு. என் வீட்டுக்காரரின் தங்கை. திருப்பூரில் இருந்தவள், புருசன் போன பிறகு இங்கே அடுத்த தெருவுக்கே குடி வந்துவிட்டாள். இருபத்தைந்து வருசமாக நான் அவளோடு பேசவில்லை.

காரணம் இதுதான். 1998 பங்குனி உத்திரம், கழுகுமலை, மாலை நாலரை மணி. பட்டாளத்துக்காரன் ஒருவன் பன்னிரண்டு குண்டு சுட்டுப் பதினொன்று தப்பவிட்டான். இவள் மாம்பழக் கலர் சேலையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள், அவனைப் பார்த்து, "அண்ணே, துப்பாக்கி ஒரு நூல் வலது பக்கம் வளைஞ்சிருக்கு. கொஞ்சம் இடது பக்கம் தள்ளிச் சுடுங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளாம். அவன் தள்ளிச் சுட்டான், பலூன் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. கூட்டம் பலகையைச் சாய்த்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கன்னத்தில் அறைந்தார்கள். அந்த மனிதர் கீழே விழுந்த குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "விடு வெள்ளத்தாயி" என்றார். கழுகுமலையில் அதற்குப் பிறகு நாங்கள் கடை போடவில்லை. 2011இல் அவர் போய்ச் சேர்ந்தபோதும் இவள் வந்து அழுதாள், நான் பந்தலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஜெயக்கொடிதான் வரச்சொல்லியிருக்கிறான். "அத்தை, அம்மாவோட ஒரு ஆட்டம் ஆடுங்க" என்று அவள் கையில் நீலத் துப்பாக்கியைக் கொடுக்கிறான். நான் அட்டையைத் தேய்க்க மறுத்துவிட்டேன். "நாளைக்கு வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டுப் போனாள். யார் வரச்சொன்னது?

ஜூன் 25, ஞாயிறு

வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எல்லாருக்கும் முன்னால் முடியாது என்று சொன்னால் பயந்துவிட்டேன் என்பாள். சிவப்பை நான் எடுத்தேன், நீலத்தை அவள் எடுத்தாள்.

ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன்: இந்த மிசினுக்கு ஒரு பலம் உண்டு. துப்பாக்கியை அமுக்கினால் கையில் ஒரு உதை உதைக்கிறது. எங்கள் பழைய துப்பாக்கி உதைத்த மாதிரியே. ஒரு நிமிடம் நல்லெண்ணெய் போட்ட இரும்பின் வாசனைகூட வந்தது. இன்னொன்று, இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுடலாம். அது பலமா பலவீனமா என்பது பக்கத்தில் நிற்பது யார் என்பதைப் பொறுத்தது.

நர்ஸ், தாடிக்காரன், தடியன். எண்ணி எண்ணிச் சுட்டேன். அவளுக்கு வேலையே வைக்கவில்லை. "யாத்தே, மதினி கை இன்னும் அப்படியே இருக்கு!" என்றாள் அவள்.

வெள்ளைக் கோட்டுக்காரன் வந்தான். துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.

"என்ன மதினி, சும்மா நிக்கீக! ஆளக் கொல்லுதுல்ல!" என்று கத்தி, ஒரே குண்டில் பிணத்தை விழ வைத்தாள். வெள்ளைக் கோட்டுக்காரன் கும்பிடு போட்டுவிட்டு ஒரு கதவைத் திறந்தான். மிசின் எங்களை அந்தத் தாழ்வாரத்துக்குள் கொண்டுபோனது. நான் பார்த்திராத தாழ்வாரம். எண்ணுவதற்கு எனக்கு எதுவும் இல்லை.

மூன்று கடி. மூன்று இதயம். அரை நிமிடம் இருக்காது. ஒருத்தனையும் நான் பார்க்கவில்லை. திரையில் நகக் கீறல் மட்டும் வந்தது. பையன்கள், "அய்யோ பாட்டி" என்றார்கள்.

"துப்பாக்கி கோணல். செவ்வாக்கிழமை முள்ளு ஒடஞ்சது" என்றேன். இருபத்தைந்து வருசத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இப்படியா அமைய வேண்டும்.

ஜெயக்கொடி மறுபடி அட்டையைத் தேய்த்தான். அவள் என் கையில் இருந்த சிவப்பை வாங்கினாள். இடது ஓரத்தில் மூன்று குண்டு சுட்டாள். மூன்று பிணம் விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குக் கேட்காமல், என் காதுப் பக்கம் வந்து சொன்னாள்.

"துப்பாக்கி நேராத்தான் இருக்கு மதினி."

அன்றைக்குக் கோணல் என்றாள். இன்றைக்கு நேர் என்கிறாள். இவள் வாய்க்கு என் கடைகள்தான் கிடைத்தனவா?

ஜூன் 26, திங்கள்

கடை திறக்கும் முன்பு தனியாகப் போனேன். ஜெயக்கொடி அமுக்கியதைப் பார்த்து வைத்திருந்தேன், அந்தக் கூட்டல் குறிகளை வரவழைத்தேன். நாற்பது வருசத்தில் முதல் தடவையாக வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன்.

மிசின் அணைந்துவிட்டது. ஜெயக்கொடியிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 27, செவ்வாய்

மிசின் அணையவில்லை.

ஜூன் 28, புதன்

கிழித்த சீட்டை முத்துச்செல்வி பொறுக்கி ஒட்டி வைத்திருந்தாள். கெட்டிக்காரி என்று இதனால் சொல்லிவிட மாட்டேன்.

மதுரைக்கு என்னோடு ஜெயக்கொடி வந்தான். பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் செண்பகவடிவு, மடியில் தயிர்சாதப் பொட்டலம்.

"ஒன்னைய யாரு கூப்பிட்டா?"

"மீனாச்சியப் பாக்கப் போறேன் மதினி. பஸ்ஸு ஒங்களுக்கு மட்டுமா ஓடுது?"

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன இருட்டு அறை. அங்கே ஒரு மிசின். வெள்ளைச் சட்டியைக் கவிழ்த்து நிறுத்தியதுபோல. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அட, இதுவும் சுடுகிற மிசின்தான்! பிணம்கூட இல்லை. இதிலா என்னைத் தோற்கடிப்பார்கள் என்று நினைத்தேன். முதல் ஒன்பது வெளிச்சம் எங்கெங்கே வந்தது என்று மனதில் வாங்கிக்கொண்டேன். பிறகு எண்ணி எண்ணி அமுக்கினேன்.

"பாட்டி, வெளிச்சம் வராதப்பவும் அமுக்குறீங்க" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்.

"வரும்."

"வராது பாட்டி. இது ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வரும். மனப்பாடம் பண்ண முடியாது. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. தெரியலைன்னா சும்மா இருங்க, தப்பில்ல."

மறுபடி முதலில் இருந்து வைத்தாள். நான் சும்மா இருந்தேன். நெடுநேரம் சும்மா இருந்தேன். உள்ளே மிசின் டிக் டிக் என்று எதையோ காட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மிசினைப்பற்றி என் கருத்து: அழகு இல்லை, கதை இல்லை, கையில் உதைப்பு இல்லை, ஆடுகிறவரை ஏமாற்றவும் விடாது. எங்கள் துப்பாக்கியைவிட, பிண மிசினைவிட யோக்கியமானது. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

தெரியாத இடங்களை மிசின் கறுப்பாக அச்சடித்துத் தந்தது. இடது கண்ணுக்கான தாளில் நிறையக் கறுப்பு மை செலவாகியிருந்தது. வலது கண்ணுக்கு ஒரு ஓரத்தில் மட்டும்.

டாக்டர் ஒரு பெண். வெள்ளைக் கோட்டு. எல்லாப் பொத்தானும் இருந்தது.

"கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் கூடியிருக்கும்மா. ஓரத்துல இருந்து பார்வைய சாப்பிட்டுட்டே வரும், வலிக்காது. இடது கண்ணுல போனது வராதும்மா" என்றாள்.

அதே சொல். நான் எழுந்துவிட்டேன். அடுத்த ஆள் என்று சொல்வதற்குள் போய்விட வேண்டும்.

"உக்காருங்கம்மா, நான் இன்னும் முடிக்கல" என்றாள். "வலது கண்ணுல இருக்கிறதக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, ஒரு நாள் விடக் கூடாது. உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துதா?"

1979ஐச் சொன்னேன். கடிகாரத்தையும் பொத்தானையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டாள். "அந்த டாக்டர் உங்க அம்மாவப் பாத்தப்ப காப்பாத்த எதுவும் மிச்சம் இருந்திருக்காதும்மா. உங்களுக்கு இருக்கு" என்றாள்.

ஜூலை 3, திங்கள்

சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன் என்றேன். முதல் சொட்டு கன்னத்தில். இரண்டாவது மூக்கில். மூன்றாவது தலையணையில். பத்தடியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடித்தவள் நான்.

ஜூலை 5, புதன்

முத்துச்செல்விக்குக் கை நடுங்குகிறது. "பயமா இருக்கு அத்தை, நீங்க மொறைக்கீக" என்கிறாள். கண்ணைத் திறந்து வைத்தால் முறைக்கிறேன் என்கிறாள், மூடினால் மருந்து எப்படிப் போகும்?

ஜூலை 6, வியாழன்

காலை ஏழு மணிக்குச் செண்பகவடிவு வந்துவிட்டாள். அடுத்த தெருதானே. கட்டிலில் படுக்கச் சொன்னாள், இமையை இழுத்தாள், விட்டாள். ஒரே சொட்டு. நடுவில் விழுந்தது.

அவளுக்குக் காபி கொடுக்கச் சொன்னேன்.

ஜூலை 13, வியாழன்

எட்டாவது நாளாக வருகிறாள். மருந்து விட்ட பிறகு ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டு விசயம் எல்லாம் பேசிக்கொண்டிருப்பாள். இன்று கண்ணை மூடியிருந்ததால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் வாயில் வந்தது.

"கழுகுமலையில துப்பாக்கி வளைஞ்சுதான் இருந்துச்சு."

"ம்."

"நான்தான் குறட்டால நெளிச்சேன். ஒங்க அண்ணனுக்குத் தெரியாது. ஒண்ணும் தெரியாமலே அந்த மனுசன் கன்னத்துல அற வாங்கினாரு."

இதை எழுதுவதற்கு எனக்கு அரைப் பக்கம் இடம் விட்டு உட்கார வேண்டியிருந்தது. அவரை அடித்த கையின் சொந்தக்காரனை எனக்குத் தெரியும், ஊர் தெரியும், பெயர் தெரியும். அவனை நான் இருபத்தைந்து வருசமாகத் திட்டியதில்லை. இவளைத்தான் திட்டினேன்.

அவளிடமிருந்து சிரிக்கிற மாதிரி மூக்கால் ஒரு சத்தம்.

"ஒரு நூலு, வலது பக்கம்னு எனக்கு எப்படி மதினி தெரியும்? நான் என்ன அளவெடுத்தா பாத்தேன்? அண்ணன்தான் சொன்னாரு. அன்னைக்குக் காலையில. 'ஒங்க மதினி கைவேலயப் பாரு, கம்மாளன் தோத்தான்'னு துப்பாக்கியக் காட்டிச் சிரிச்சாரு. அவருக்கு அதுல ஒரே பெருமை."

ஐந்து நிமிடம் முடிந்தது என்று சொன்னாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. மருந்து வெளியே வந்துவிடும் என்றேன். மருந்து ஏற்கெனவே வெளியே வந்துகொண்டிருந்தது.

ஜூலை 14, வெள்ளி

அந்த மனிதர் தெரிந்துகொண்டே, "விடு வெள்ளத்தாயி" என்று சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம். இருக்கிறவர்களோடாவது பேசாமல் இருக்கலாம். செத்தவரோடு எப்படிப் பேசாமல் இருப்பது? மிசினில்தான் செத்தவர்கள் வேளை தவறாமல் வருகிறார்கள்.

ஜூலை 16, ஞாயிறு

கடையில் வாசல் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஜெயக்கொடி எடுக்கவில்லை. எழுதி வைத்தாயிற்று.

செண்பகவடிவு மருந்துப் புட்டியோடு கடைக்கே வந்துவிட்டாள். ஒரு ஆட்டம் என்றாள். நான் நீலத் துப்பாக்கியை எடுத்து வலது பக்கம் நின்றுகொண்டேன். சிவப்பை அவள் கையில் கொடுத்து இடது பக்கம் நிறுத்தினேன்.

"ஏன் மதினி, சிவப்புத்தான ஒங்களது?"

"அந்தப் பக்கம் படம் சரியா வரையல. நீ பாத்துக்க."

வெள்ளைக் கோட்டுக்காரன் வந்தான். பிணம் அவன் கழுத்தைப் பிடித்து உலுக்கியது. செண்பகவடிவு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே, சுடாமல் நின்றாள். திமிர் பிடித்தவள். நானே சுட்டேன். அவன் கும்பிட்டான். நான் பதிலுக்குத் தலையாட்டவில்லை. கதவு திறந்தது.

புதுத் தாழ்வாரம். மிசின் அதன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. என் பக்கத்தில் தெரிந்தவர்களை நான் சுட்டேன், தெரியாத பக்கத்தில் அவள் சுட்டாள். மாடிப்படி வரை போய்விட்டோம். மட்டமான ஆட்டம், மடத்தனமான பிணங்கள், சென்னைக்காரன் தலையில் கட்டிய பழைய இரும்பு. நாளைக்கும் வரச்சொல்லியிருக்கிறேன்.

இடது பக்கத்தில் அவள் ஆறு பேரைத் தப்பவிட்டாள். ஆறு பேரும் எந்தெந்த இடத்தில் வந்தார்கள் என்று அவளிடமே கேட்டு இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.